உதவித்தொகைக்கு யாரிடம் கேட்பது? கல்லூரி அலுவலகம், நலத்துறை, இ-சேவை, வங்கி: எந்தக் கேள்விக்கு எந்த இடம்

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் கால் வைத்த பிள்ளைக்கு அரசு என்னென்ன தருகிறது என்பதை முழுதாகச் சொல்லும் ஒரே மேசை தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத்துறையிடம். பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் உதவித்தொகை வேறொரு துறையிடம். மாணவியருக்கான புதுமைப்பெண் உதவி சமூக நலத்துறையிடம். கட்டடத் தொழிலாளியின் மகளுக்கான கல்வி உதவி தொழிலாளர் துறையின் நல வாரியத்திடம். மத்திய அரசின் உதவித்தொகைகள் தேசிய உதவித்தொகைத் தளத்தில். இவற்றுக்கெல்லாம் வேண்டிய சான்றுகள் வருவாய்த்துறையிடம். கடைசியில் பணம் வந்து இறங்க வேண்டியது வங்கிக் கணக்கில்.

ஆகவே எந்த இடத்தில் கேட்டாலும் பாதிப் பதில்தான் கிடைக்கும். அந்தப் பாதியை முழுசு என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து. "உனக்கு எதுவும் வராதுப்பா" என்று இ-சேவை மையத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் மூன்று வருட உதவித்தொகையை விட்டுவிடுகிற குடும்பங்கள் உண்டு. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த திட்டத்தில் வராது, அவ்வளவுதான்.

கேள்வியை முதலில் பிரியுங்கள்

உதவித்தொகை பற்றிய கேள்விகள் மூன்றே வகை. எனக்கு எது உண்டு? விண்ணப்பத்தை எப்படி முடிப்பது? விண்ணப்பித்தாயிற்று, பணம் ஏன் வரவில்லை? முதல் கேள்விக்கு விதி தெரிந்தவர் வேண்டும், அது மாவட்ட நலத்துறை அலுவலகம். இரண்டாவது கல்லூரி அலுவலகத்திலும் இ-சேவையிலும் முடிகிற வேலை. மூன்றாவதற்கு முதலில் விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பல சமயம் விண்ணப்பம் சுத்தமாக முடிந்திருக்கும், கோளாறு வங்கியில் இருக்கும். வங்கியில் நிற்கும் பணத்துக்குக் கல்லூரி கிளார்க்கிடம் மூன்று மாதம் நடப்பதால் பயனில்லை.

எங்கே போவதாக இருந்தாலும் ஒரு ஃபைல் கையோடு இருக்கட்டும்: ஆதார், சாதிச் சான்று, நடப்பு வருமானச் சான்று, பத்து மற்றும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், கல்லூரி சேர்க்கை ஆணை, கட்டண ரசீது, பள்ளியில் தந்த எமிஸ் எண், கல்லூரியில் தந்த யூமிஸ் எண். இந்தத் தாள்களில் உள்ள பெயர்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அந்த ஒரு எழுத்துக்காக விண்ணப்பம் திரும்பி வரும். விண்ணப்பிப்பதற்கு முன்பே சரிசெய்தால் ஒரு வார வேலை. திரும்பி வந்த பிறகு என்றால், அதற்குள் தளத்தையே மூடிவிடக் கூடும்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்

எல்லாரும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். மாநில அரசின் உதவித்தொகை, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாம் யூமிஸ் எனப்படும் உயர்கல்வி மாணவர் பதிவு வழியாகத்தான் நகர்கின்றன. அந்தப் பதிவை உருவாக்குவதும் சரிபார்ப்பதும் கல்லூரிதான். தேசிய உதவித்தொகைத் தளத்திலும் முதல் கட்டச் சரிபார்ப்பு, இதற்கென்று கல்லூரி நியமித்த பொறுப்பாளரான நோடல் அலுவலரிடம் இருக்கிறது. அவர் தன் லாகினில் பார்த்து அனுப்பாதவரை விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகாது. மாணவர் தன் பக்கம் எல்லாம் சரியாகச் செய்தும், நோடல் அலுவலர் கடைசித் தேதிக்குள் பார்க்காமல் விட்டால் அந்த ஆண்டு போனதுதான்.

அதனால் கல்லூரி அலுவலகத்தில் "ஸ்காலர்ஷிப் வருமா சார்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "பார்க்கலாம்பா" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: என் யூமிஸ் எண் என்ன, அதில் என் சாதி, சேர்க்கை வகை, படிப்பு, விடுதியா வீடா என்பது எப்படிப் பதிவாகியிருக்கிறது? இந்தக் கல்லூரியின் நோடல் அலுவலர் யார்? என் விண்ணப்பம் இப்போது யாருடைய லாகினில் இருக்கிறது? கல்லூரி அளவில் கடைசித் தேதி எது? தளத்தின் கடைசித் தேதியும் கல்லூரி வைக்கும் கடைசித் தேதியும் வேறு வேறு. கல்லூரிகள் தங்கள் வேலை முடிய ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே வாங்குவதை நிறுத்திவிடும்.

சேர்க்கை வகைப் பதிவில் தனிக் கவனம் வேண்டும். கவுன்சலிங் வழியாக வந்த மாணவர் நிர்வாக ஒதுக்கீடு என்று தவறாகப் பதிவாகிவிட்டால் பல திட்டங்கள் ஒரேயடியாக அடைபடும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்விக்கு வந்தவர்களுக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அது ஆண்டுக்கு 25,000 ரூபாய்.

இந்த மேசையின் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கல்லூரியில் அதிகம் பேர் வாங்கும் இரண்டு மூன்று திட்டங்கள் மட்டுமே கிளார்க்குக்கு மனப்பாடம். தொழிலாளர் நல வாரிய உதவியோ, மாற்றுத்திறனாளி மாணவருக்கான உதவியோ, பெண்களுக்கான தொழில்நுட்பக் கல்வி உதவித்தொகையோ அவர் வழியில் அடிக்கடி வருவதில்லை. சுயநிதிக் கல்லூரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டணம் வர வேண்டிய இடமும் ஆலோசனை சொல்லும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. "முதலில் முழு ஃபீஸையும் கட்டிவிடு, ஸ்காலர்ஷிப் வந்தால் திருப்பித் தருகிறோம்" என்று சொன்னால் அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் திட்டத்தின் கீழ் அப்படி வாங்கலாமா என்பதைக் கல்லூரிக்கு வெளியே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

கல்லூரியால் சரிசெய்யவே முடியாத ஒன்றும் இருக்கிறது: எமிஸ் எனப்படும் பள்ளி மாணவர் பதிவு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது, ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல். இரண்டுக்கும் அடிப்படை, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. அந்தப் படிப்பு விவரம் எமிஸ் பதிவிலிருந்து வருகிறது. நடுவில் பள்ளி மாறியபோது பதிவு சரியாக நகராமல், ஏழாம் வகுப்பு மட்டும் விடுபட்டு நிற்கும். அதைத் திருத்த வேண்டியது கடைசியாகப் படித்த பள்ளி. தலைமையாசிரியரிடம் டி.சி. நகலோடும், அந்த வகுப்பைப் படித்த பள்ளியின் படிப்புச் சான்றோடும் போங்கள். கல்லூரி வாசலில் நின்றால் "சிஸ்டம் எடுக்கல" என்ற பதிலைத் தாண்டி ஒன்றும் வராது.

மாவட்ட நலத்துறை அலுவலகம்

நேரம் அதிகம் பிடிக்கும் இடம், ஆனால் தகுதி பற்றி நம்பிக்கையான பதில் வரும் இடமும் இதுவே. பெரும்பாலும் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர், மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், மாவட்ட சமூக நல அலுவலர் என்று தனித்தனி அறைகள். எந்த அறை என்பதைச் சாதிச் சான்று பாதி தீர்மானிக்கும், திட்டம் மீதியைத் தீர்மானிக்கும். ஒரு பி.சி. மாணவி உதவித்தொகைக்கு ஓர் அறைக்கும், புதுமைப்பெண்ணுக்கு இன்னோர் அறைக்கும் போக வேண்டியிருக்கும். கல்லூரி ஒரு மாவட்டம், வீடு வேறு மாவட்டம் என்றால் உதவித்தொகைக்குக் கல்லூரி இருக்கும் மாவட்டத்திலும், சான்றுக்கு வீடு இருக்கும் தாலுகாவிலும் விசாரியுங்கள்.

இங்கே கொண்டுபோக வேண்டிய கேள்விகள் வேறு யாராலும் தீர்க்க முடியாதவை. இரண்டு திட்டங்களைச் சேர்த்து வாங்கலாமா? ஒரு வருடம் இடைவெளி விட்டுச் சேர்ந்தால் உண்டா? படிப்பை மாற்றினால் என்ன ஆகும்? தந்தை இறந்துவிட்டார், வருமானம் யாருடையதைக் காட்டுவது? கல்லூரி கேட்கிற இந்தக் கட்டணம் திட்டத்தில் அடங்குமா?

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு வரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி. மாணவர்களுக்கான திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கிடுகின்றன. மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது, கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் அதற்குள்ளேயே இருக்கிறது. வந்த தொகை முழுவதும் கைச்செலவுக்கு என்று நினைத்து வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, பிறகு கல்லூரியில் கட்டணப் பாக்கி என்று ஹால் டிக்கெட்டுக்குத் தவிக்கிற நிலை இதனால்தான் வருகிறது. பணம் வந்த அன்றே, இதில் கட்டணம் எவ்வளவு, பராமரிப்புப் படி எவ்வளவு என்று நலத்துறை அலுவலகத்திலோ கல்லூரியிலோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிய பிறகு மீதியைத் தொடுங்கள்.

அரசு விடுதியும் இதே அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது. மாதக் கணக்கில் பார்த்தால் பல திட்டங்களைவிட விடுதியில் ஓர் இடம் பெறுமதியானது. தங்கல், சாப்பாடு இரண்டும் இலவசம். பி.சி., எம்.பி.சி. விடுதிகளில் வீடு குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாணவர்களுக்கு உண்டு, மாணவியருக்கு இல்லை. உதவித்தொகைக்கு அலையும் பல வீடுகளில் விடுதியைப் பற்றி ஒருவரும் கேட்பதே இல்லை.

குறை என்னவென்றால், ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டும். வந்த அன்று சம்பந்தப்பட்டவர் ஃபீல்டுக்குப் போயிருப்பார். அதனால் வாயால் கேட்டுத் திரும்பாமல், ஒரு பக்க மனுவாக எழுதிக்கொண்டு போங்கள். மாணவர் பெயர், யூமிஸ் எண், கல்லூரி, படிப்பு, ஆண்டு, திட்டத்தின் பெயர், விண்ணப்ப எண், கேள்வி ஒன்று. ஒரு மனுவில் ஒரு கேள்வி என்று வைத்தால்தான் ஒரு பதில் வரும். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுப்பதா, நேராக அலுவலரிடம் கொடுப்பதா என்பது பலருக்குள்ள சந்தேகம். சந்தேகம் கேட்பதற்கு என்றால் நேராக அலுவலர். முதல் மனுவுக்குப் பதில் இல்லை, தகுதி இருந்தும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, கல்லூரி அனுப்ப மறுக்கிறது என்றால் திங்கள்கிழமை. அங்கே மனுவுக்கு எண் விழும், அது மறுபடி அதே நலத்துறை அறைக்குத்தான் வரும், ஆனால் பதில் எழுத வேண்டிய கடமையோடு வரும். 1100 என்ற முதல்வர் உதவி மையத்திலும் இப்படித்தான். வீட்டிலிருந்தே பதியலாம், எண் கிடைக்கும். ஆனால் தொலைபேசியில் சொன்னதைச் சுருக்கிப் பதிவுசெய்வார்கள். யூமிஸ் எண்ணும் விண்ணப்ப எண்ணும் பதிவாகின்றனவா என்று திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவை இல்லாத புகார் "விவரம் போதவில்லை" என்று முடிக்கப்பட்டுவிடும்.

இ-சேவை மையமும் தெருமுனை பிரவுசிங் சென்டரும்

சான்று வாங்க நல்ல இடம், ஆலோசனைக்குப் பொருத்தமில்லாத இடம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். முதல் முறை என்றால் கேன் எண் எனப்படும் விண்ணப்பதாரர் பதிவு எண் வாங்க வேண்டும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் அதுதான் கேட்கும். விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), துணை வட்டாட்சியர் என்று ஏறிப் போகும். ஒன்றிரண்டு நாளில் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து அசல் ஆவணங்களைக் காட்டினால் வேகமாக நகரும். பார்க்காமல் விட்டால் "நேரில் ஆஜராகவில்லை" என்று திரும்பும்.

கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது மொபைல் எண். மையக்காரர் அவசரத்தில் தன் எண்ணையே போட்டுவிடுவார். பிறகு ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும், நீங்கள் ஒவ்வொரு முறையும் அவரிடம் போய் நிற்க வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவு என்று 14 இலக்க எண் ஒன்று ஆதாரை வைத்து உருவாகும், படிப்பு முடியும்வரை அதுவே. அதில் வேறு யார் எண்ணாவது ஏறிவிட்டால் பெரிய தொல்லை. முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் முறையும் அதில் இருப்பதால் மாணவர் தானே செல்போனில் செய்துகொள்வது நல்லது. இரண்டாவது, வருமானத் தொகை. தந்தை, தாய் இருவரின் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும். சென்ற ஆண்டுச் சான்றில் 72,000 என்று இருந்து இந்த ஆண்டு 2,60,000 என்று வந்தால் ரின்யூவலில் கேள்வி எழும். தவறான தொகை என்றால் சான்று கைக்கு வந்த உடனே திருத்தக் கேளுங்கள், விண்ணப்பத்தில் ஏற்றிய பிறகு கேட்பது வீண். மூன்றாவது, பழைய அட்டைச் சாதிச் சான்று. கையெழுத்தில் எழுதிய அட்டை செல்லாதது அல்ல, ஆனால் இணையத்தில் எண்ணை வைத்துச் சரிபார்க்கும் விண்ணப்பங்களில் அது நிற்காது. மின்னணுச் சான்றாகப் புதிதாக வாங்கிவிடுங்கள். மே மாதத்திலேயே வாங்கினால் நல்லது, ஜூனில் பள்ளிச் சேர்க்கைக் கூட்டமும் சேர்ந்துகொண்டு தாலுகா அலுவலகம் திணறும்.

முதல் பட்டதாரி சான்றுக்கு குடும்பத்தில் முன்பு யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அக்கா ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. இதை மறைத்து உறுதிமொழி கொடுத்துப் பிறகு மாட்டினால் சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். "எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க" என்று யாராவது சொன்னால் அந்த ஆலோசனையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வங்கி

பணம் அனுப்பியாயிற்று என்று தளம் காட்டுகிறது, கணக்கில் இல்லை. இதற்குக் கல்லூரியிலும் கலெக்டர் ஆபீஸிலும் பதில் இல்லை. ஆதாரைக் கணக்கோடு இணைப்பதும், ஆதார் சீடிங் என்பதும் ஒன்றென்று நினைப்பதே இந்தக் குழப்பத்தின் வேர். கே.ஒய்.சி. எனப்படும் அடையாளச் சரிபார்ப்புக்காக வங்கி ஆதார் நகலை வாங்கிப் பதிவது ஒன்று. வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிரே இந்த வங்கி என்று குறிக்கப்படுவது வேறு. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போகும். அந்தப் பட்டியலில் ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் இருக்க முடியும், கடைசியாகச் சேர்த்ததே நிற்கும். புது சிம் வாங்கியபோதோ, மொபைல் ஆப்பில் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு ஒன்றைத் திறந்தபோதோ கவனிக்காமல் டிக் செய்திருந்தால் பணம் அங்கே போய்க் கிடக்கும்.

பார்ப்பது எளிது. மைஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலை என்ற பகுதியில் ஆதார் எண், ஓ.டி.பி. கொடுத்தால் எந்த வங்கி, இயங்குகிறதா என்று காட்டும். வேறு வங்கி காட்டினால் வேண்டிய வங்கிக் கிளையில் சீடிங் ஒப்புதல் படிவம் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று கேட்டால் அவர்கள் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு அனுப்பிவிடக்கூடும். பள்ளியில் திறந்த பழைய ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்றால் அது முடங்கியிருக்கிறதா, மைனர் கணக்காகவே நிற்கிறதா என்றும் பாருங்கள். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கைத் தபால்காரர் வழியாகவே ஆதார் சீடிங்கோடு திறக்க முடியும். கிராமத்தில் வங்கிக் கிளை தூரமாக இருப்பவர்களுக்கு அது வசதி.

யூடியூபும் வாட்ஸ்அப் குழுவும்

தளம் திறந்துவிட்டது, தேதி நீட்டித்துவிட்டார்கள் என்ற செய்திக்கு இவை போதும். படிவத்தை எந்தப் பக்கத்தில் எப்படி நிரப்புவது என்பதற்கும் வீடியோ உதவும், அது இந்த ஆண்டு வீடியோவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தகுதிக்கு இவற்றை நம்பக் கூடாது. வருமான வரம்பு 2 லட்சமாக இருந்தபோது எடுத்த வீடியோ இன்றும் மேலே வந்து நிற்கிறது. லிங்க் அனுப்பி ஆதாரும் ஓ.டி.பி.யும் கேட்பவர், "முன்பணம் கட்டினால் உடனே சாங்க்‌ஷன்" என்பவர் யாராக இருந்தாலும் திருடர். எந்த அரசு உதவித்தொகைக்கும் முன்பணம் கிடையாது. தேசிய உதவித்தொகைத் தளத்துக்கு 0120-6619540 என்ற உதவி எண் இருக்கிறது. தளத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்றால் அங்கே கேளுங்கள்.

வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டினால்

தவறான இடத்தில் கேட்பதால் அதிகம் இழப்பவர்கள் இந்தக் குடும்பங்கள்தான். மாநில உதவித்தொகையின் வரம்பு 2.5 லட்சம் என்பதால் கல்லூரி அலுவலகம் "வராது" என்று சொல்லிவிடுகிறது. ஆனால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம். பிளஸ் டூவில் தன் போர்டில் மேல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு இளங்கலையின் முதல் மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000 ரூபாய். அடுத்த ஆண்டு தொடர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு இது கிடையாது. எனவே இரண்டுக்கும் தகுதி உள்ளவர் தன் படிப்புக்கு எது அதிகம் என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணமே குறைவு. அங்கே மாநிலத் திட்டத்தில் என்ன வரும் என்று நலத்துறையில் தொகையாகக் கேட்டுவிட்டு 12,000-த்தோடு ஒப்பிடுங்கள்.

பாலிடெக்னிக், பொறியியல் போன்ற, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்த மாணவி என்றால் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை, ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு அதே தொகையில் சாக்‌ஷம். இந்த இரண்டையும் கல்லூரி கிளார்க் தானாகச் சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம். தேசியத் தளத்தில் படிப்பையும் வருமானத்தையும் போட்டு நீங்களே பார்த்துவிட்டு, "இதற்கு நம் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா?" என்று கேளுங்கள்.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டுக்கும் வருமான வரம்பும் இல்லை, வேறு உதவித்தொகை வாங்குவது தடையும் இல்லை. ஏழாண்டு அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போனவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசு ஏற்கிறது. அவர்களிடம் கல்லூரி "இதர கட்டணம்" என்று தனியாகக் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று தலைப்புவாரியாக எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளோடு நலத்துறைக்கோ திங்கள்கிழமை மனுவுக்கோ போங்கள். வாய்மொழியாகக் கேட்ட கட்டணத்தை வைத்து யாராலும் நடவடிக்கை எடுக்க முடியாது.

தந்தையோ தாயோ கட்டடம், ஆட்டோ, தையல் போன்ற அமைப்புசாராத் தொழிலில் இருந்து நல வாரிய அட்டை வைத்திருந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அட்டை புதுப்பித்திருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. காலாவதியான அட்டைக்கு உதவி கிடைக்காது, ஆகவே பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும்.

கடன் பற்றிய கேள்வி என்றால் கிளை மேலாளர் மறுத்த பிறகு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது.

பதில் வராதபோது

மனு கொடுத்து ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதுவது நல்ல வழி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த நலத்துறை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பலாம். "ஏன் தரவில்லை?" என்று எழுதினால் அது தகவல் அல்ல என்று தட்டிவிடுவார்கள். "இன்ன எண்ணுள்ள விண்ணப்பம் எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, தற்போதைய நிலை என்ன, நிராகரிக்கப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நகல்" என்று எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பல சமயம் பதில் வருவதற்கு முன்பே நின்றுபோன விண்ணப்பம் நகரத் தொடங்கிவிடும்.

கட்டணப் பாக்கி என்று சொல்லி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்திருந்தால் அது உதவித்தொகைக் கேள்வி அல்ல, சட்டக் கேள்வி. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. தொலைபேசி 15100. கொண்டுபோக வேண்டியவை: கட்டண ரசீதுகள், சேர்க்கை ஆணை, சான்றிதழைக் கேட்டு நீங்கள் கல்லூரிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், அதில் கல்லூரியின் முத்திரை. முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை விநியோகச் சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.